கோட்டில் என்ன எழுதுவது?

கா.பொ.த. உயர்தரத்துக்கு ஐ.சி.ரி. எடுக்கும் பிள்ளைகள் தரவுத்தளத்தின் உறவுகளைக் காட்டும் ஈ.ஆர். வரிப்படம் போடத் தொடங்கியதுமே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சேர், பெட்டிக்குள்ள என்ன எழுதிறதெண்டு விளங்குது. நடுவில, கோட்டில என்ன எழுதிறது?" வெள்ளவத்தை ரியூசன் வகுப்புகளில் இதைக் கேட்கலாம். கொட்டாஞ்சேனையிலும் செட்டியார் தெருவிலும் அப்பாவின் கடைக் கணக்கைக் கணினிக்குக் கொண்டுவர முனையும் இளையவர்களும் இதே இடத்தில்தான் தயங்குகிறார்கள். கடைசியில் 'ஹாஸ்' என்று ஆங்கிலத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்கிறார்கள். அல்லது 'கொண்டுள்ளது' என்று எழுதுகிறார்கள். எது எதைக் கொண்டுள்ளது என்று வாசிப்பவர் ஊகிக்க வேண்டும்.

பிளேன்ரீ ஒன்றை ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஆறுதலாகப் பார்ப்போம். கேள்வி மிக நல்ல கேள்வி. அதற்கான பதில் கணினிப் புத்தகத்தில் பாதியும் நம்முடைய இலக்கணப் புத்தகத்தில் பாதியுமாகக் கிடக்கிறது.

உதாரணத்துக்கு நூலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அதன் நூலகம் இங்கே பலருக்கும் பழக்கமானது. ஆனால் நான் வரையப்போவது எந்த ஊருக்கும் பொருந்தும் பொதுவான நூலகம். இடப்பக்கம் ஒரு பெட்டி: அங்கத்தவர். வலப்பக்கம் ஒரு பெட்டி: நூல். நடுவில் ஒரு கோடு. ஆங்கிலத்தில் அந்தக் கோட்டின் மேல் 'பொரோஸ்' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. இடமிருந்து வலமாக வாசித்தால் முழு வாக்கியம் வந்துவிடுகிறது: எழுவாய், வினை, செயப்படுபொருள். படம் தானாகப் பேசுகிறது.

இது தற்செயல் அல்ல. ஈ.ஆர். வரிப்படத்தை 1976இல் முன்வைத்தவர் பீற்றர் சென். தாய்வானில் பிறந்தவர், அப்போது அமெரிக்காவின் எம்.ஐ.ரி.யில் கற்பித்துக்கொண்டிருந்தார். 1983இல் அவரே இன்னொரு கட்டுரையில் ஆங்கில வாக்கிய அமைப்பைத் தன் வரிப்படத்தோடு நேருக்கு நேர் பொருத்திக் காட்டினார். பொதுப் பெயர்ச்சொல் வந்தால் அது பெட்டி. செயப்படுபொருள் குன்றா வினை வந்தால் அது உறவு. பெயரடை வந்தால் அது பெட்டியின் பண்பு. ஆங்கில வாக்கியத்தில் வினை இரண்டு பெயர்களுக்கும் நடுவில் உட்காரும். வரிப்படத்திலும் உறவு இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் உட்காருகிறது. அந்த மொழிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

தமிழில் வினை கடைசியில் வரும். 'அங்கத்தவர் நூலை இரவல் பெறுகிறார்.' இதைப் பெட்டி, கோடு, பெட்டி என்று பிரித்து வைத்தால் 'அங்கத்தவர் — இரவல் பெறுகிறார் — நூல்' என்று வருகிறது. விளங்கும்தான். ஆனால் வாசிக்கும் கண் நடுவில் ஒருமுறை இடறும். 'பெறுகிறார்' என்று முற்றுப்பெற்ற பிறகு 'நூல்' என்ற சொல் ஒட்டாமல் தனியே நிற்கிறது. நூலுக்கு உருபும் இல்லை. மறுபக்கத்திலிருந்து வாசித்தால் 'நூல் இரவல் பெறுகிறார்'. அது வாக்கியமே இல்லை.

இனி வினைமுற்றை எடுத்துவிட்டுப் பெயரெச்சத்தை வையுங்கள். கோட்டின் மேல் 'இரவல் பெறும்' என்று மட்டும் எழுதுங்கள். இடமிருந்து வலம்: 'அங்கத்தவர் இரவல் பெறும் நூல்'. வலமிருந்து இடம்: 'நூல் இரவல் பெறும் அங்கத்தவர்'. இரண்டு திசையிலும் சுத்தமான தமிழ்த் தொடர்! ஆங்கிலத்தில் மறுதிசைக்கு வினையைச் செயப்பாட்டுக்கு மாற்ற வேண்டும். பலர் அதற்காக ஒரே கோட்டில் இரண்டு லேபிள் எழுதுவதும் உண்டு. நமக்கு ஒரே சொல் போதும். அஃறிணைப் பொருளுக்கு இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கி நிற்கலாம் என்ற நம் மொழியின் வசதி இங்கே கைகொடுக்கிறது. 'மாணவர் பயிலும் பாடம்', 'பாடம் பயிலும் மாணவர்'. 'ஆசிரியர் திருத்தும் விடைத்தாள்', 'விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்'. உங்களுக்குத் தெரிந்த உறவுகளைப் போட்டு வாசித்துப் பாருங்கள்.

பெயரெச்சத்தை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். செய்த, செய்கின்ற, செய்யும் என்ற மூன்று வாய்பாடுகள். அது தழுவிக்கொள்ளக்கூடிய பெயர்கள் ஆறு வகை என்கிறது நன்னூல்: செய்பவன், கருவி, இடம், செயல், காலம், செயப்படுபொருள். தரவுத்தளம் வடிவமைக்கும் ஒருவருக்கு இந்தப் பட்டியல் எவ்வளவு பயன்படும் என்று எண்ணிப் பாருங்கள். 'ஊழியர் வேலை செய்யும் கிளை' என்றால் கிளை இடம். 'காசாளர் பற்றுச்சீட்டு அடிக்கும் இயந்திரம்' என்றால் இயந்திரம் கருவி. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு முன்னிடைச்சொல் தேட வேண்டிய இடத்தில், நம் எச்சம் எதையும் தேடாமல் அடுத்த பெயரோடு ஒட்டிக்கொள்கிறது.

காலமும் கவனிக்க வேண்டியது. நிலையான உறவைச் சொல்வதென்றால் 'பெறும்'. பழைய பதிவுகளைச் சேமிக்கும் அட்டவணை என்றால் 'பெற்ற'. 'அங்கத்தவர் இரவல் பெற்ற நூல்' என்று எழுதினால், திருப்பிக் கொடுத்த நூலும் அதற்குள் அடங்கும். இந்தச் சிறு மாற்றத்தில் தரவுத்தளத்தின் எல்லை மாறிவிடுகிறது.

இந்த முறை எங்கே கைவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு பெட்டியும் உயர்திணையாக இருந்தால் ஆபத்து. 'மேற்பார்வையாளர் கண்காணிக்கும் ஊழியர்' சரி. திருப்பி வாசித்தால் 'ஊழியர் கண்காணிக்கும் மேற்பார்வையாளர்', பொருள் தலைகீழ். இடப்பெயர் வரும்போதும் திருப்ப முடியாது. 'கிளையில்' என்று உருபு போட்டே ஆக வேண்டும். இப்படியான இடங்களுக்கு, மென்பொருள் வடிவமைப்பில் பயன்படும் யூ.எம்.எல். குறியீட்டில் ஒரு தீர்வு இருக்கிறது. லேபிளுக்குப் பக்கத்தில் நிரப்பிய சிறு முக்கோணம் ஒன்றை வாசிக்க வேண்டிய திசையில் வைக்கலாம். பாடப்புத்தகப் படங்களில் இதை அநேகமாக விட்டுவிடுகிறார்கள். தமிழில் வரைபவர்கள் விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கொழும்பில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி. சிங்களமும் வினையைக் கடைசியில் வைக்கும் மொழி. அதிலும் பெயரெச்சம் உண்டு. 'லமயா கியவன பொத' என்றால் 'பிள்ளை வாசிக்கும் புத்தகம்'. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. ஆக, தமிழ் லேபிளுக்குக் கண்ட தீர்வு பக்கத்து மேசைச் சிங்கள நண்பருக்கும் அப்படியே உதவும்.

எல்லாக் கோட்டுக்கும் எச்சம் பொருந்தாது. தரவுப் பாய்ச்சல் வரிப்படத்தை எடுங்கள். உயர்தரப் பாடத்திட்டத்தில் வரும் எஸ்.எஸ்.ஏ.டி.எம். முறையில் இதுவும் ஒரு படம். அந்த முறை 1980களின் தொடக்கத்தில் பிரித்தானிய அரசாங்கத் திட்டங்களுக்காக உருவானது. இந்த வரிப்படத்தில் அம்புக்குறி செயலைக் காட்டுவதில்லை. நகரும் தகவலைக் காட்டுகிறது. ஆகவே அங்கே பெயர்ச்சொல் மட்டும்: 'அங்கத்தவர் இலக்கம்', 'இரவல் கோரிக்கை', 'தண்ட விவரம்'. செயல் பெட்டிக்குள் போகும்: 'இரவல் கொடுத்தல்', 'தண்டம் கணித்தல்'. 'கொடு', 'கணி' என்று ஏவலாகவும் எழுதலாம். எனக்குத் தொழிற்பெயர்தான் பிடிக்கும், ஏனென்றால் எந்த ஏவல் யாரை நோக்கியது என்ற குழப்பம் அதில் இல்லை. எதைத் தெரிவுசெய்தாலும் படம் முழுக்க ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டியில் 'பதிதல்', வேறொன்றில் 'பதிவு செய்', இன்னொன்றில் 'பதியப்படுகிறது' என்றிருந்தால், வாசிப்பவர் அந்த வேறுபாட்டுக்கு ஏதோ அர்த்தம் இருக்கிறது என்று தேடத் தொடங்கிவிடுவார்.

நிலைமாற்று வரிப்படத்தில் கோட்டு லேபிளுக்கு மூன்று பகுதிகள்: நிகழ்வு, சதுர அடைப்புக்குள் நிபந்தனை, சாய்கோட்டுக்குப் பின் செயல். 'நூல் திரும்பியது [தவணை கடந்தது] / தண்டம் அறவிடுதல்'. பெட்டிகளில் நிலை: 'இறாக்கையில் உள்ளது', 'இரவலில் உள்ளது', 'தொலைந்தது'. நிகழ்வுக்கு இங்கே இறந்தகால முற்று இயல்பாகப் பொருந்துகிறது. நடந்து முடிந்த ஒன்றுதான் நிலையை மாற்றும்.

பாய்ச்சற் கோட்டுப்படத்தில் வரும் தீர்மானப் பெட்டிதான் தமிழில் அதிகம் பிழை நேரும் இடம். சாய்சதுரத்துக்குள் 'தவணை கடக்கவில்லையா?' என்று எழுதி, வெளியே போகும் கோடுகளில் 'ஓம்', 'இல்லை' என்று போடுகிறார்கள். யோசித்துப் பாருங்கள். 'கடக்கவில்லையா?' என்று கேட்டவருக்கு 'ஓம்' என்றால் நம் பேச்சில் 'ஓம், கடக்கவில்லை' என்றுதான் அர்த்தம். 'இல்லை' என்றாலோ, அதுவும் 'இல்லை, கடக்கவில்லை' என்று கேட்கும். இரண்டு கோடும் ஒரே இடத்துக்கு அழைத்துப் போகின்றன! எதிர்மறைக் கேள்வியை எழுதாதீர்கள். அதோடு 'ஓம்', 'இல்லை' என்பதையும் விட்டுவிட்டு விடையையே எழுதுங்கள்: ஒரு கோட்டில் 'கடந்தது', மற்றதில் 'கடக்கவில்லை'. நகைக்கடை ஓடர் படம் என்றால் 'இருப்பில் உண்டு', 'செய்விக்க வேண்டும்'. கேள்வியை வாசிக்காமல் கோட்டை மட்டும் பார்த்தவருக்கும் விளங்க வேண்டும்.

இனி மென்பொருளுக்கு வருவோம். முதலில் ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள்: லேபிள் எழுதத் தனி எழுத்துப் பெட்டி போடாதீர்கள். கருவிப்பட்டையில் எழுத்துக் கருவியை எடுத்து, கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சொல்லை வைத்தால் பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். பெட்டியை நகர்த்தியதும் கோடு கூடவே போகும், சொல் பழைய இடத்திலேயே நிற்கும். பெரிய படத்தில் இப்படி அநாதையாய் நிற்கும் சொற்கள் வேறு கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று பொய் சொல்லும். டிரோ.ஐஓ. என்ற வரைதல் மென்பொருளில் கோட்டின் மேலேயே இருமுறை சொடுக்குங்கள்; அங்கே தட்டெழுதும் சொல் அந்தக் கோட்டின் உடைமை ஆகிவிடும். கோட்டின் நடுவிலும் இரு முனைகளிலும் தனித்தனி லேபிள் வைக்கலாம். 'ஒன்று', 'பல' என்ற எண்ணளவுகளுக்கு முனைகள், எச்சத்துக்கு நடு. லேபிளைத் தெரிவுசெய்தால் சிறிய மஞ்சள் சாய்சதுரம் ஒன்று தெரியும். அதைப் பிடித்து லேபிளைக் கோட்டிலிருந்து சற்று மேலே இழுத்து விடலாம்.

வரையும் மென்பொருளுக்கும் மாதிரியமைக்கும் மென்பொருளுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வெளிப்படும். என்டர்பிரைஸ் ஆர்கிடெக்ட், ஸ்டார் யூ.எம்.எல். போன்றவற்றில் பெட்டியில் காணும் பெயர் வெறும் எழுத்து அல்ல. பின்னால் இருக்கும் மாதிரியின் பெயர். ஓரிடத்தில் மாற்றினால் அந்தப் பொருள் வரும் எல்லாப் படங்களிலும் மாறும். அந்தப் பெயரிலிருந்து நிரல் பிறக்கப்போகிறது என்றால், நிரலுக்கு ஆங்கிலப் பெயரும் படத்துக்குத் தமிழ்ப் பெயரும் வேண்டியிருக்கும். என்டர்பிரைஸ் ஆர்கிடெக்டில் இதற்கு 'ஏலியஸ்' என்ற மாற்றுப்பெயர்ப் புலம் இருக்கிறது; படத்தில் மாற்றுப்பெயரைக் காட்டு என்று சொல்லலாம். எழுத்தால் எழுதிப் படம் பெறும் பிளான்ட் யூ.எம்.எல்.லிலும் மேற்கோள் குறிக்குள் தமிழ்ப் பெயரை வைத்து, நிரலுக்கு ஒரு குறும்பெயர் கொடுக்கலாம்.

எழுத்துருவைப் பற்றிச் சொல்லாமல் இலங்கையில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. இங்கே அச்சகங்களிலும் தட்டச்சுக் கடைகளிலும் பாமினி நெடுங்காலம் கோலோச்சியது, இன்னும் இருக்கிறது. பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது கணினிக்குள் ஜே, கே, பீ, ஓ, அதற்குப் பிறகு ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கில விசைக் குறிகள். வரிப்படத்தைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் அந்தக் குறிகள்தான் வரும். தேடினால் கிடைக்காது, அகரவரிசைப்படுத்தவும் முடியாது. யூனிகோட்டில் தமிழ் 1991இன் முதற் பதிப்பிலிருந்தே இருக்கிறது; இலங்கைத் தமிழ்த் தரம் எஸ்.எல்.எஸ். 1326 ஆக 2008இல் வந்தது. வரிப்படத்தில் பாமினிக்கு இனி இடம் கொடுக்க வேண்டாம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து வரும் நிர்மலா யூ.ஐ. எழுத்துரு தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் தாங்கும். மும்மொழிப் படத்துக்கு அது ஒன்றே போதும்.

ஏற்றுமதியில் ஒரு பொறி இருக்கிறது. டிரோ.ஐஓ.வில் அழகாகத் தெரிந்த படத்தை எஸ்.வி.ஜி. கோப்பாக எடுத்து வேர்டிலோ இங்க்ஸ்கேப்பிலோ போட்டால், சிலவேளை லேபிள் காணாமல் போய், எழுத்தைக் காட்ட முடியவில்லை என்ற ஆங்கில அறிவிப்பு மட்டும் வரும். லேபிளுக்குள் வடிவமைத்த எழுத்தும் வரிமடிப்பும் இயக்கத்தில் இருந்தால், மென்பொருள் அதை இணையப் பக்கத் துண்டாகப் பொதிந்து வைக்கும். உலாவிக்கு அது புரியும், மற்றவற்றுக்குப் புரியாது. எல்லாவற்றையும் தெரிவுசெய்து, எழுத்துப் பகுதியில் அந்த இரண்டு தெரிவுகளையும் நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். வரி மடிய வேண்டிய இடத்தில் நீங்களே புதுவரி போட வேண்டும். பி.டி.எஃப். என்றால் எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அளவையும் கவனியுங்கள். ஆங்கிலத்துக்குச் சரியான எழுத்தளவு தமிழுக்குக் காணாது. 'பணி' என்பதில் வரும் ண-வுக்கு மூன்று சுழி, 'பனி'யின் ன-வுக்கு இரண்டு. சிறிய அளவில் தடித்த எழுத்தாக அச்சிட்டால் சுழிகள் ஒட்டிக்கொண்டு இரண்டும் ஒன்றாகிவிடும். லேபிளுக்குத் தடிப்பு வேண்டாம். சாய்ந்த கோட்டின் மேல் சாய்த்து எழுதவும் வேண்டாம். நீண்ட சொல்லை மென்பொருள் நடுவில் உடைக்கத் தெரியாமல் பெட்டிக்கு வெளியே விட்டுவிடும். 'உறுதிப்படுத்தப்பட்டுள்ளது' என்பதை 'உறுதி' என்று சுருக்கினால் படமும் சுத்தம், தமிழும் சுத்தம்.

மும்மொழியில் படம் வேண்டியவர்கள் மூன்று படம் வரையத் தேவையில்லை. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி ஆனது. அரச அலுவலகம் ஒன்றின் வேலையோட்டத்தை வரைபவர் தமிழ் லேபிளையும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். பெட்டிகளையும் கோடுகளையும் ஓர் அடுக்கில் வையுங்கள். மூன்று மொழி லேபிளையும் மூன்று அடுக்கில் வைத்து, வேண்டிய மொழியை மட்டும் திறந்துவிடலாம். லேபிளைத் தனியே வைக்காதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இது விலக்கு. படம் முழுதாக முடிந்து, இனி பெட்டி நகராது என்ற நிலையில் மட்டுமே செய்யுங்கள்.

ஐ.சி.ரி. ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உறவு ஒன்றைக் கரும்பலகையில் வரையும்போது கோட்டின் மேல் எச்சத்தை எழுதி, பிள்ளைகளை இரண்டு பக்கமிருந்தும் உரக்க வாசிக்கச் செய்யுங்கள். இடறும் இடத்தில் முக்கோணத்தைப் போட்டுக் காட்டுங்கள். எந்த எச்சம் பொருந்தும் என்று ஐயம் வந்தால், தமிழ் ஆசிரியர் பக்கத்து வகுப்பறையில்தான் இருப்பார். அவரையும் ஒருமுறை கூப்பிடுங்கள்.